கப்பலின் என்ஜின் அறையில் தீ: கேள்வி பதில்

கடல்சார் பொறியியல் மாணவர்: எல்லாம் இரும்பாக இருக்கும் அறையில் எரிவதற்கு என்ன இருக்கிறது ஐயா?

எண்ணெய் இருக்கிறது தம்பி, அதுவும் அழுத்தத்தில். எரிபொருள் குழாயில் ஊசித்துளை விழுந்தால் போதும், எண்ணெய் நுண்துளிகளாகப் பீய்ச்சும். உறையில்லாத எக்ஸாஸ்ட் குழாயில் அது பட்டால் தீப்பொறிகூடத் தேவையில்லை. 220 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும் பரப்புகளுக்குக் காப்புறை போட வேண்டும் என்று சோலாஸ் (கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) விதி சொல்வது இதற்காகத்தான். பழுது பார்த்துவிட்டு உறையைத் திரும்ப மாட்டாமல் போவதை என்னால் மன்னிக்கவே முடியாது.

நான்காம் பொறியாளர்: கதவை மூடினால் காற்று தீர்ந்து தீ தானாக அணைந்துவிடாதா?

பல அடுக்கு உயரமுள்ள அறை அது. உள்ளே இருக்கும் காற்றே கணிசமான நேரம் எரிய விடும். காற்று விசிறிகளை நிறுத்தி, டேம்பர்களையும் (காற்றுவழியை அடைக்கும் தகடுகள்) புகைபோக்கி மடல்களையும் அடைத்து, எண்ணெய்த் தொட்டி வால்வுகளை வெளியிலிருந்தே மூடினால்தான் அது மூடிய அறை.

அவரே: தீயை அணைக்க அறைக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை விட்டபின் எப்போது உள்ளே போகலாம்?

அவசரப்படாதீர்கள். தேவையான வாயுவில் 85 சதவீதம் 2 நிமிடத்திற்குள் அறைக்குள் சேர்ந்துவிட வேண்டும் என்பது விதி. அந்த வேகத்தைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். வாயு ஆக்சிஜனின் அளவைக் குறைக்குமே தவிர, எதையும் குளிர்விக்காது. சுடர் அடங்கிய பின்னும் இரும்பு தகித்துக்கொண்டிருக்கும், எரியாத ஆவி மேலே தேங்கி நிற்கும். கதவைத் திறந்தால் அதற்குக் காற்றை ஊட்டுகிறோம். விட்ட வாயுவும் வெளியேறிவிடும். இரண்டாம் முறை விடப் பெரும்பாலும் சிலிண்டர் மிஞ்சாது.

2010 நவம்பரில் மெக்சிகோ கரைக்கு அப்பால் கார்னிவல் ஸ்பிளெண்டர் பயணிகள் கப்பலில் தீப்பிடித்தபோது, கார்பன் டை ஆக்சைடு அமைப்பு வேலையே செய்யவில்லை. தீ முழுதாக அணையும் முன் காற்றோட்டம் கொடுத்ததால் மறுபடி மூண்டது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் மின்சாரம் இழந்த கப்பலைச் சான் டியாகோவுக்கு இழுத்துச் செல்ல நேர்ந்தது.

ஆகவே சுற்றுச்சுவர்களை வெளியிலிருந்து தண்ணீரால் குளிர்வியுங்கள். சுவரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வாருங்கள். அது பல மணி நேரம் தொடர்ந்து இறங்கினால் மட்டும் நுழைவதைப் பற்றி யோசியுங்கள்.

மாலுமி ஒருவரின் மனைவி: வாயு விடும்போது உள்ளே ஆள் இருந்தால்?

பிழைப்பது அரிது அம்மா. அதனால்தான் அனைவரையும் எண்ணிச் சரிபார்க்காமல் வாயுவை விடக் கூடாது. முதலில் அபாயச் சங்கு ஒலிக்கும். அடித்தளத்திலிருந்து மேல்தளம் வரை தீ புகாத தனி ஏணிவழி உண்டு. குறைந்தது 10 நிமிடம் தாங்கும் சுவாசக் கருவிகளும் அங்கே வைத்திருப்பார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு அந்த வழியை நடந்து பழகியிருக்கிறாரா என்று உங்கள் கணவரிடம் கேளுங்கள்.