தரீஃபாவில் நிறுத்திய போன்

கேள்வி:

எனக்கு 66 வயது, மனைவிக்கு 61. இருவரும் காரைக்கால்காரர்கள். பாரீசுக்குப் பக்கத்தில் பல வருடங்களாகக் குடியிருக்கிறோம். அவளும் பள்ளி கான்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்தான். என் ஓய்வுக்குப் பிறகு, உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள ஒரு காம்பிங் கார் வாங்கினேன். மத்தியதரைக் கடலோரமாகத் தெற்கே இறங்கி, ஜிப்ரால்ட்டர் நீரிணையில் வளைந்து, அட்லாண்டிக் கரையைப் பிடித்து வடக்கே பிரான்சின் பிரெத்தாஞ் வரை ஏற வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு.

செப்டம்பரில் கிளம்பினோம். செத், கொலியூர், அப்புறம் ஸ்பெயினில் தாரகோனா, வலென்சியா, அல்மெரியா, மலாகா. அதுவரை மனைவி நன்றாகவே இருந்தாள். வலென்சியாவுக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரிப்பக்கம் நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வண்டியை எடுக்கவே விடவில்லை. அங்கே நின்று அவள் அக்காவுக்கு வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அட்லாண்டிக் பக்கம் திரும்பியதும் ஆள் மாறிவிட்டாள். கடிஸ், அல்கார்வே, சாக்ரெஷ், எங்கேயும் இறங்குவதில்லை. 'நீங்க போயிட்டு வாங்க' என்கிறாள். போர்த்துகலின் நசரேயில் கலங்கரை விளக்கத்தடியில் நின்று அந்த ராட்சத அலைகளை நான் தனியாகத்தான் பார்த்தேன். சமைக்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். மத்தியதரைக் கடலில் ஓதமே தெரியாது, அட்லாண்டிக்கில் கடல் பல மீட்டர் ஏறி இறங்கும். அது அவளைப் பயமுறுத்துகிறதோ என்னவோ.

எல்லாம் அவளுக்காகத்தான் செய்கிறேன். செலவையும் பார்த்துத்தான் செய்கிறேன். (ஸ்பெயினின் தென்கோடி ஊரான தரீஃபாவில் அவள் போனுக்கு 60 யூரோ கூடுதல் பில் வந்தது. அதை நிறுத்திவிட்டேன், இருவருக்கும் ஒரு போன் போதுமே. பாரீசில் தினமும் காலையில் அக்காவோடு பேசுவாள். இப்போது ஞாயிறு இரவு எட்டரைக்கு, சாப்பிட்டதும், என் போனில் ஸ்பீக்கர் போட்டுக் கொடுக்கிறேன். இரண்டே நிமிஷத்தில் அக்காவே வைத்துவிடுகிறார்.) இன்னும் கலீசியா, பாஸ்க் கரை, ஆர்கஷோன், லா ரோஷெல் எல்லாம் பாக்கி. இதையெல்லாம் ரசிக்கும்படி அவளை எப்படி மாற்றுவது? மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா?

வாசகர், ஆவெய்ரோ, போர்த்துகல்

பதில்:

ஐயா, முதலில் அந்தப் போனைத் திருப்பிக் கொடுங்கள். கடலைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

கூட்டிக்கொண்டு போன இடத்தில் மனைவி சிரிக்கவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதும் கணவர்கள் பலர். ஊட்டிக்குக் கூட்டிப் போனவர் எழுதுவார், சிங்கப்பூருக்குக் கூட்டிப் போனவர் எழுதுவார். நீங்கள் இரண்டு கடலைக் காட்டிவிட்டு எழுதியிருக்கிறீர்கள். ஓதத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. எனக்கு உங்கள் கடிதத்தில் தேவைப்பட்டது அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கிவிட்ட அந்த நான்கைந்து வரி மட்டும்தான்.

உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். மலாகா வரை மனைவி நன்றாக இருந்தார். கடிஸில் வண்டியை விட்டு இறங்கவில்லை. மலாகாவுக்கும் கடிஸுக்கும் நடுவில் இருக்கிறது தரீஃபா. அந்த ஊரில் இரண்டு காரியம் நடந்தது. உங்களுக்கு இடப்பக்கம் இருந்த கடல் மாறியது. உங்கள் மனைவியின் கையில் இருந்த போன் போனது. நீங்கள் கடல் மாறியதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, நாலு மாதமாக அதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த 60 யூரோ எப்படி வந்தது என்று விசாரித்தீர்களா? விசாரித்திருக்க மாட்டீர்கள், மனைவி அதிகம் பேசியதால் வந்தது என்று முடிவு கட்டியிருப்பீர்கள். பிரான்சில் வாங்கிய சிம் ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் வீட்டில் இருப்பது போலவே வேலை செய்யும். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் தரீஃபாவில் நீரிணை மிகவும் ஒடுங்கி விடுகிறது, அகலம் சுமார் 14 கிலோமீட்டர்தான். எதிர்க்கரை மொரோக்கோ. அது ஒன்றியத்தில் இல்லை. கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தினால் அக்கரைக் கோபுரத்தின் சிக்னலைப் போன் தானாகவே பிடித்துக்கொள்ளும். அந்த வட்டாரத்தில் பயணிகளுக்கு இது அடிக்கடி நடக்கிற விஷயம். 'மொரோக்கோவுக்கு நல்வரவு, கட்டணம் இவ்வளவு' என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அது வந்ததும் அமைப்புகளுக்குள் போய் ஸ்பெயின் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்தாலோ, ரோமிங்கில் இணையத்தை அணைத்தாலோ போதும், பில் வராது. தொகையும் எனக்கு ஒன்று சொல்கிறது. வெளிநாட்டில் இணையச் செலவு 50 யூரோவைத் தொட்டால் தானாகத் துண்டிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அதோடு பிரான்சின் 20 சதவீத வரியைச் சேர்த்தால் சரியாக 60. அந்தப் பணத்துக்குக் காரணம் நீங்கள் கடல் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுத்த இடமாகத்தான் இருக்க வேண்டும். அதற்குத் தண்டனை அந்த அம்மாவுக்கு.

அதுவும் எவ்வளவு நாள்? தரீஃபாவைத் தாண்டி கடிஸ் போய்ச் சேர்ந்ததுமே மொரோக்கோ சிக்னல் தொல்லை முடிந்துவிட்டது. அல்கார்வேயில் அது கிடையாது, ஆவெய்ரோவில் கிடையாது, நீங்கள் போகப்போகும் கலீசியாவிலும் பாஸ்க் கரையிலும் கிடையாது. காரணம் போன பிறகும் தண்டனை மட்டும் தொடர்கிறது. மலாகாவிலிருந்து ஆவெய்ரோ வரை நீங்கள் ஊற்றிய டீசலுக்கு எத்தனை 60 யூரோ ஆகியிருக்கும்? அதற்காக யாரும் உங்கள் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளவில்லையே. பள்ளி கான்டீனில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுச் சம்பாதித்து, இன்று சொந்தமாக ஓய்வூதியம் வாங்குகிற பெண் அவர். அவர் போனை நிறுத்த நீங்கள் யார்?

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இரவு எட்டரை மணி என்று எழுதியிருக்கிறீர்கள். போர்த்துகலுக்கும் இந்தியாவுக்கும் இந்த மாதங்களில் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நீங்கள் சாப்பிட்டு முடித்து ஸ்பீக்கர் போடும்போது காரைக்காலில் பின்னிரவு இரண்டு மணி. 'இரண்டே நிமிஷத்தில் அக்காவே வைத்துவிடுகிறார்' என்று, ஏதோ அவருக்குப் பேச விஷயமில்லாதது மாதிரி எழுதுகிறீர்கள்! வயதான பெண்மணி, வாரம் ஒரு முறை, நடு ராத்திரியில் விழித்திருந்து தங்கையின் குரலைக் கேட்கிறார். கேட்டதும் மைத்துனரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது புரிகிறது. 'நல்லா இருக்கியா, சாப்பிட்டியா' என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். வேறு என்ன செய்வார்?

பாரீசில் காலை எட்டு மணி என்றால் காரைக்காலில் கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. இவர் காபியைக் குடித்துக்கொண்டு, அவர் மதிய சமையலைப் பார்த்துக்கொண்டு, தினமும் பேசியிருப்பார்கள். என்ன குழம்பு, யாருக்குக் கல்யாணம், யாருடைய பெண் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று. உங்களுக்கு அது வெட்டிப் பேச்சு. கடல் கடந்து போய் வாழ்கிற ஒரு பெண் தன் ஊரில் இன்னமும் ஒரு ஆளாக இருப்பதே அந்தப் பேச்சில்தான். அல்புஃபேராவில் வண்டியை எடுக்க விடவில்லை என்கிறீர்களே, காவிரியின் கடைமடையில் பிறந்தவருக்கு ஸ்பெயினில் கதிர் அறுப்பதைப் பார்த்ததும் முதலில் அக்காவுக்குக் காட்டத் தோன்றியது. உங்கள் மனைவி பயணத்தை ரசிக்கத் தெரியாதவர் அல்ல. அவர் ரசித்ததைப் பங்கு போட்டுக்கொண்ட ஆளை நீங்கள் அறுத்துவிட்டீர்கள்.

இதில் என் கருத்தை மறைக்க நான் விரும்பவில்லை. ஒரு பெண்ணைப் பிறந்த ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறவன், அவளுக்கும் அவள் பிறந்த வீட்டுக்கும் நடுவில் உள்ள வழியைக் கடைசி வரை திறந்து வைத்திருக்கக் கடமைப்பட்டவன். சோறு போடுவதும் ஊர் சுற்றிக் காட்டுவதும் அதற்கு ஈடாகாது. புருஷன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் ஒருத்திக்குப் பேச்சுத்துணை முழுவதும் அவன் ஒருவனே ஆகிவிட முடியாது, ஆகவும் கூடாது. நாலு மாதமாக அந்தச் சின்ன வண்டிக்குள் அவரிடம் தமிழ் பேசும் ஒரே ஆள் நீங்கள். நீங்கள் என்ன பேசியிருப்பீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது: பார்க்கிங், டீசல், ஓதம், அடுத்த ஊர்.

அலைக்குப் பயமோ என்று கேட்கிறீர்கள். 2004 டிசம்பர் 26-இல் உங்கள் ஊர்க் கரையிலும் நூற்றுக்கணக்கானவர்களைக் கடல் கொண்டுபோனது. அதனால் பயம் இருக்காது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை நீங்கள் அவரிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. என்னிடம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நசரேயில் நீங்கள் கலங்கரை விளக்கத்துக்குப் போனீர்கள். கடலுக்கு அடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகே வரை வருவதால்தான் அங்கே அலை இருபது மீட்டருக்கு மேலும் எழும்புகிறது, பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அதே ஊரின் கடற்கரை மணலில் பெண்கள் மீனைப் பிளந்து, உப்பு நீரில் போட்டு, வலை அடித்த சட்டங்களில் வெயிலில் காயவைத்து விற்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மீனவப் பெண்கள் செய்துவரும் வேலை அது. காரைக்கால்காரிக்கு அதைவிட வேறு என்ன காட்ட வேண்டும்? அந்தக் கருவாட்டுக்காரம்மாக்களிடம் பாஷை தெரியாமலே கால் மணி நேரம் பேசிவிட்டு வந்திருப்பார், அக்காவுக்குப் படமும் போயிருக்கும். உங்கள் கடிதத்தில் அந்தப் பெண்களே இல்லை. 'எல்லாம் அவளுக்காகத்தான்' என்று நீங்கள் எழுதிய வரியை நான் நம்பவில்லை. கனவு உங்களுடையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது தப்பில்லை, ஆனால் அதை அவர் தலையில் நன்றிக்கடனாக ஏற்றாதீர்கள்.

மாத்திரை விஷயம். நாலு மாதம் இப்படி ஒடுங்கிக் கிடக்கிறவருக்கு மனச்சோர்வு வந்திருக்கவும் கூடும், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. போன் கையில் வந்து இரண்டு மூன்று வாரம் ஆகியும் தூக்கமோ சாப்பாடோ சரியில்லை என்றால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். பிரான்சில் எடுத்த ஐரோப்பிய சுகாதாரக் காப்பீட்டு அட்டை போர்த்துகலிலும் ஸ்பெயினிலும் அரசு மருத்துவமனைகளில் செல்லும். அப்போதும் அவரே பேசட்டும். அவருக்குப் பதிலாக நீங்கள் உள்ளே போய் நோயைச் சொல்லாதீர்கள். நீங்களாக ஒரு மாத்திரையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நாளைக் காலையில் செய்ய வேண்டியது. பழைய எண்ணைத் திரும்பப் பெற முடிகிறதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். முடியாவிட்டால் ஆவெய்ரோவில் ஒரு போர்த்துகல் சிம் வாங்கி அவர் பெயரில், அவர் கையில் கொடுங்கள். பிரெஞ்சு எண்ணே கிடைத்துவிட்டால், நாலு மாதத்துக்கு மேல் வெளிநாட்டிலேயே பயன்படுத்துவதாக நிறுவனம் எச்சரிக்கை அனுப்பலாம். அதன் பிறகு அவர்கள் போடக்கூடிய கூடுதல் கட்டணம் ஒரு ஜிபிக்கு ஓரிரு யூரோதான், அதைக் கட்டுங்கள். போர்த்துகலில் காலை எட்டு மணி என்றால் காரைக்காலில் மதியம் ஒன்றரை. அந்த நேரத்தில் நீங்கள் நடக்கப் போங்கள். அரை மணி நேரம் கழித்து வாருங்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. திரும்பி வந்து 'என்ன பேசினீங்க' என்று கேட்காதீர்கள்.

போனைக் கொடுக்கும்போது, 'மொரோக்கோ சிக்னலால் வந்த பில், உன் மேல் தப்பில்லை, நான் செய்தது தப்பு' என்று முழுசாகச் சொல்லுங்கள். சமாதானத்துக்கு ஒரு பரிசு மாதிரி நீட்டிவிட்டு நழுவாதீர்கள்.

நாலைந்து நாள் போகட்டும். அப்புறம் வண்டியை நிறுத்தியிருக்கும் ஒரு நேரத்தில், மேலே போகலாமா, போதுமா என்று கேளுங்கள். போகலாம் என்றால் அடுத்த ஊரை அவர் தேர்ந்தெடுக்கட்டும். அக்காவைப் பார்க்க வேண்டும் என்றால் லிஸ்பனிலிருந்து சென்னைக்கு டிக்கெட் போட்டு ஒரு மாதம் அனுப்பி வையுங்கள், அதுவரை கலீசியாவை நீங்கள் தனியாகச் சுற்றலாம். வீட்டுக்கே போகலாம் என்றால், ஆவெய்ரோவிலிருந்து கிழக்கே வீலார் ஃபொர்மோசோ எல்லை, பிறகு சலமாங்கா, பர்கோஸ், இருன், போர்தோ வழியாக நிதானமாக ஓட்டினாலும் மூன்று நான்கு நாளில் பாரீஸ். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் ஓட்டுங்கள்.