பெண் போர்வீரர் எடுத்தால் என்ன குறையும்?

'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' என்ற வீடியோ கேமைத் தொடங்கப் போகிறேன், பெண் போர்வீரர் எடுக்க ஆசை, ஆனால் பலம் குறையுமோ, கதை தவறிப்போகுமோ என்று கேட்டிருந்தீர்கள்.

பலத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாது. அந்தப் பயம் பழைய காலத்து மிச்சம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டுக்கு 1978-இல் வந்த விதிப்புத்தகம் பெண் கதாபாத்திரங்களின் பலத்துக்கு உச்சவரம்பு வைத்திருந்தது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே அதைத் தூக்கிவிட்டார்கள்.

கதையில் மாறுவது பெரும்பாலும் காதல்தான். உங்களோடு பயணிக்கும் தோழர்களில் அலிஸ்டர் பெண்ணைத்தான் காதலிப்பான், மோரிகன் ஆணைத்தான். லெலியானா, ஜெவ்ரான் இருவருக்கும் அந்தக் கணக்கு இல்லை. மனிதப் பிரபு குலத்தில் பிறந்தவராகத் தொடங்கினால் கடைசிப் பகுதியிலும் பாலினம் வேலை செய்யும். அதைச் சொல்லி சுவாரசியத்தைக் கெடுக்க மாட்டேன்.

என் அனுபவம்: முதல் தடவை என்னைப் போலவே ஒரு ஆணைச் செய்தேன். ஒவ்வொரு உரையாடலிலும் நல்லபிள்ளையாகவே பதில் சொன்னேன், சலித்துவிட்டது. அடுத்து ஒரு குள்ளர் குலப் பெண். அவள் 'நான்' இல்லை என்பதால் கூசாமல் பொய் சொன்னாள், மிரட்டினாள். ஆட்டமே வேறாகிவிட்டது.

ஆசைப்பட்டதையே எடுங்கள். அப்புறம், முகத்தைச் செதுக்குவதில் ஒரு மணி நேரம் போனாலும் குரல் தேர்வை அவசரப்படாமல் கேட்டுப் பாருங்கள். சண்டைக்குச் சண்டை காதில் விழப்போவது அதுதான்.