லிம்ப் எப்போது செல்லும்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டும், மேசையில் ஐந்து பொதுச் சீட்டும் வைத்து ஆடும் போக்கர்) கட்டுரையில் “லிம்ப் வேண்டாம், ஆடுவதென்றால் ரெய்ஸ், இல்லாவிட்டால் ஃபோல்டு” என்று எழுதியிருந்தீர்கள். (லிம்ப் என்பது குறைந்தபட்சத் தொகையை மட்டும் போட்டு உள்ளே வருவது; ரெய்ஸ், தொகையை உயர்த்துவது; ஃபோல்டு, கையை விட்டு விலகுவது.) ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர்களே ஸ்மால் பிளைண்டிலிருந்து (சீட்டு போடுமுன்னே கட்டாயத் தொகை வைக்கும் இருவரில் சிறியது வைப்பவரின் இடம்; பெரியது பிக் பிளைண்ட்) வெறும் கால் செய்து (உயர்த்தாமல் சமத் தொகை போட்டு) ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்க்கிறார்கள். எனக்குப் பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இடம்) 5-5 ஜோடி, முன்னால் இரண்டு பேர் லிம்ப் என்றால் ஃபோல்டுதானா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அரைகுறையாக எழுதியது என் தப்புதான். அந்த விதி முதல் ஆளாக உள்ளே வருகிறவருக்கு மட்டும். ரெய்ஸ் செய்தால் எல்லோரும் ஃபோல்டு ஆகி அங்கேயே ஜெயிக்க வழி உண்டு. லிம்ப் அடித்தால் அந்த வழி அடைபடும்; பிக் பிளைண்டில் இருப்பவர் குப்பைக் கையோடு இலவசமாக ஃப்ளாப் பார்ப்பார். ஆஸ் ஜோடியை ஒளித்து வைக்கிறேன் என்று லிம்ப் அடிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: ஒருவரை எதிர்த்து 85 சதவீதம் ஜெயிக்கும் அந்தக் கை, நாலு பேரை எதிர்த்து 56 சதவீதம்தான். பின்னால் ஓயாமல் ரெய்ஸ் அடிக்கிற ஆள் இருந்தால் மட்டும், லிம்ப் செய்து, அவருடைய ரெய்ஸுக்கு மேல் ரீ-ரெய்ஸ் அடிக்கலாம்.

ஸ்மால் பிளைண்ட் கதை வேறு. பிளைண்ட் 1-2 என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் விலகி உங்களிடம் வரும்போது பாட்டில் (நடுவில் சேர்ந்திருக்கும் தொகை) 3 சிப், நீங்கள் போடவேண்டியது 1. நாலில் ஒரு தடவை ஜெயித்தாலே முதலுக்கு மோசமில்லை. பிக் பிளைண்ட் 2 சிப் ஆன்டியும் (கூடுதல் கட்டாயத் தொகை) போட்டிருந்தால் 17 சதவீதத்துக்கும் குறைவாகப் போதும். காகிதத்தில் பார்த்தால் 7-2 கூட ஆடலாம். வேறு வேறு சூட்டாக (சீட்டின் இனம்) இருந்தாலும் ஏதோ இரண்டு சீட்டை எதிர்த்து அது சுமார் 35 சதவீதம் ஜெயிக்கும். ஆனால் அது ஐந்து சீட்டும் விழும்வரை உட்கார்ந்திருந்தால்தான். ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள்தான் முதலில் ஆடவேண்டும். எதிராளி ஒரு பெட் (பந்தயத் தொகை) வைத்ததும் எழுந்துவிடுவீர்கள். ஆகவே படுமோசமான கையை விட்டுவிடுங்கள். இன்னொன்று, சுமாரான கையை மட்டுமே லிம்ப் அடித்தால் பிக் பிளைண்ட் மோப்பம் பிடித்து ஒவ்வொரு தடவையும் ரெய்ஸ் வைப்பார். சில பெரிய ஜோடிகளையும் லிம்ப்பில் கலந்து வையுங்கள்.

இனி உங்கள் 5-5. பாட்டில் 7 சிப், கால் 2. ஃப்ளாப்பில் செட் (ஜோடியோடு மூன்றாவது ஐந்தும் சேர்வது) விழுவது எட்டரைக்கு ஒரு தடவை, ஏறத்தாழ 12 சதவீதம்; கிடைக்கிற விலையோ மூன்றரைக்கு ஒன்று (7-க்கு 2). மீதியைப் பின் சுற்றுகளில் கறக்கவேண்டும். பாட் சின்னது என்பதால் பெரிய தொகை வர மூன்று சுற்றும் பெட் வைத்தாகவேண்டும், அதற்கு எதிரே சிப் இருக்கவேண்டுமே! உங்களிடமும் அந்த இருவரிடமும் 200 சிப் இருந்தால் தாராளமாக லிம்ப் அடியுங்கள். அவர்களிடம் 30 சிப்தான் என்றாலோ, பிளைண்டில் இருப்பவர் அடிக்கடி ரெய்ஸ் வைப்பவர் என்றாலோ விட்டுவிடுங்கள்.

அதே இடத்தில் ஆஸ்-ராணி வந்தால் லிம்ப் கூடாது. 3 பிக் பிளைண்ட், லிம்ப் அடித்த ஒவ்வொருவருக்கும் ஒன்று கூட்டி, 10 சிப்புக்கு ரெய்ஸ் செய்யுங்கள். K-9 வேறு வேறு சூட்டில் வந்தால் ஃபோல்டு: ராஜா விழுந்தாலும் எதிரே K-Q இருந்தால், அவருடைய ராணி உங்கள் 9-ஐ விடப் பெரியது என்பதால் மொத்தமாகப் போகும்.

5-5-இல் பணம் கரைவது பெரும்பாலும் ஃப்ளாப்பில்தான். J-8-4 விழுந்து ஒருவர் பெட் வைத்து இன்னொருவர் கால் செய்த பிறகு, “இன்னும் ஒரு சீட்டு பார்க்கலாம்” என்று தோன்றும். அங்கே உங்களுக்கு உதவக்கூடிய 5-ஆம் எண் சீட்டு மீதி இரண்டே இரண்டு. அடுத்த சீட்டில் அது வர 23-க்கு ஒரு வாய்ப்பு.