16 அங்குல பேஸ் ட்றம் உள்ள சின்ன ட்றம் செட் வாங்கலாமா? சத்தம் காணுமா?

வாங்கலாம். ஹோட்டல் முற்றத்துக்குச் சத்தம் தாராளமாக் காணும், மைதானமெண்டால் மைக் வைக்கத்தான் வேணும். ஆனா சத்தத்தைப் பற்றிக் கேக்கிற ஆக்கள் ட்றம்மைத் தாங்கிற கம்பியையும் அதை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பையும் பற்றிக் கேக்கிறேல்லை. உங்களிட்டயும் வான் இருக்காது, ஆட்டோவிலதான் சாமான் ஏத்துவீங்கள் எண்டு நினைச்சு எழுதுறன்.

சீசனுக்கு நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வாசிக்கிறனான். வழமையான 22 அங்குல பேஸை, அதுதான் காலால பெடல் மிதிச்சு அடிக்கிற பெரிய ட்றம்மை, ஆட்டோவில ஏத்தினால் எனக்கு இடமில்லை. லுட்விக் கொம்பனியின்ட பிரேக்பீட்ஸ் எண்ட சின்ன செட்டில பேஸ் 16 அங்குலம், டொம் (மேல தூக்கிப் பூட்டுற சின்ன ட்றம்) 10, புளோர் டொம் (நிலத்தில நிக்கிற டொம்) 13, ஸ்னெயார் (அடியில கம்பிச்சுருள் உள்ள ட்றம்) 14. என்னட்ட இருக்கிறது அதே அளவில பேரில்லாத ஒரு செகண்ட் ஹாண்ட் செட்.

16 அங்குலத்தை நிலத்தில வைச்சால் தோலின்ட நடு 8 அங்குல உயரத்தில நிக்கும். பெடலின்ட பீற்றர் (தோலில அடிக்கிற தடி) அதுக்கு மேலதான் போய் அடிக்கும், 'டொக்' எண்டு பெட்டிச் சத்தம். அதுக்குத்தான் லிஃப்டர். அது ட்றம்மைத் தூக்கிப் பிடிக்கும், பெடலை அதிலதான் பூட்டுறது. தூக்கின பிறகு முன்கால் ரெண்டும் நிலத்தில எட்டுதோ எண்டு பாருங்கோ, எட்டாட்டில் ஒவ்வொரு அடிக்கும் பேஸ் முன்னுக்கு ஊரும்.

டொம்மிலதான் நான் பட்டது. அதைத் தாங்கிற கம்பி 9.5 மில்லிமீற்றர், கிளாம்ப் 10.5 மில்லிமீற்றர் கம்பிக்கு உரியது. முன்னம் வைச்சிருந்தவர் எதையோ எதோடயோ சேர்த்து வித்திட்டார். விங் நட்டை இறுக்க இறுக்க மரைதான் தேய்ஞ்சது. ஒரு கல்யாணத்தில மாப்பிள்ளை மேடை ஏறுற நேரம் டொம் என்ட முழங்காலில வந்து இருந்திட்டுது. கடைசியா லேத்தில சொல்லி மெல்லிய பித்தளை உறை ஒண்டு கடைஞ்சு, நீளவாக்கில ஒரு வெட்டுப் போட்டுக் கம்பியில செருகினம். இப்ப அசையிறேல்லை. யமஹா செட்டில அறுகோணக் கம்பி, பேர்ள் கொம்பனியின்ட பழைய முறையில குழாய் டொம்முக்குள்ளயே இறங்கும். ஒண்டின்ட சாமானை மற்றதில போடேலாது, திருகோணமலையில தேடினாலும் உதிரி கிடைக்கிறது கஷ்டம்.

பேஸுக்கு மேல டொம் பூட்டுற மாதிரி வந்தால் யோசியுங்கோ. சின்ன பேஸ் பாரம் தாங்காமல் ஆடும். ஒரு ஸ்னெயார் ஸ்டாண்டில டொம்மை இருத்துறது நல்லது. வாடைக் காத்து தொடங்க முதல் மரைகளுக்குக் கிறீஸ் பூசுங்கோ, கடற்கரையில குரோம் கெதியாப் பொங்கிப்போகும்.

'22 இல்லாமல் அதென்ன ட்றம்ஸ்' எண்டு எழுத ஆக்கள் வருவினம் எண்டு தெரியும். அவை தங்கட பேஸைத் தாங்களே தூக்கிக்கொண்டு மணலில நடந்து பாக்கட்டும். நான் கடை வைச்சிருக்கிறவனும் இல்லை.

இன்னொண்டு, கேக்காட்டிலும் சொல்லுறன். 'காசோட சாப்பாடும்' எண்டு பேசிக் கூப்பிட்ட ஹோட்டல் ஒண்டில, வாசிச்சு முடிய குசினி பூட்டியாச்சாம். டிஜே பொடியனுக்கு மட்டும் பாசல் எடுத்து வைச்சிருந்தவை.

செட் பாக்கப் போனால் வேர்னியரால கம்பியின்ட விட்டத்தை அளந்து, கிளாம்பின்ட படத்தோட கீழ போடுங்கோ. பாத்துச் சொல்லுறன்.