‘அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்’ என்ற ஸ்பைடர்-மேன் அனிமேஷன் படத்தின் முடிவு ரசிகர்களை ஏன் அவ்வளவு கோபப்படுத்தியது? உங்கள் ஊர் தியேட்டரில் எப்படி இருந்தது?

கோபத்துக்கு நேரடியான காரணம், அது பாதிப் படம் என்று பலருக்கும் தெரியாததுதான். 2021 டிசம்பரில் முதல் காட்சித் துணுக்கு வந்தபோது தலைப்பிலேயே ‘பாகம் ஒன்று’ என்று இருந்தது. 2022 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டு, அடுத்ததற்கு ‘பியாண்ட் தி ஸ்பைடர்-வெர்ஸ்’ என்று தனிப்பெயர் வைத்துவிட்டார்கள். சினிமாச் செய்திகளை விடாமல் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு யார் சொல்வது?

நான் பார்த்தது கும்பகோணத்தில், தமிழில். 2023 ஜூன் 1 அன்று இந்தியாவில் பத்து மொழிகளில் வெளியான படம். அந்த வருஷம் வெயில் தாங்காமல் பள்ளித் திறப்பை முதலில் 7-க்கும், பிறகு 12-க்கும் தள்ளிவைத்திருந்தார்கள். மேட்டூர் திறப்பும் 12-ஆம் தேதிதான் என்பதால், ஆற்றுத் தண்ணீரை நம்பிக் குறுவை வைக்கிறவர்களுக்கு இன்னும் வேலை மும்முரமாகவில்லை. ஆக, தியேட்டர் நிறையப் பிள்ளைகள், கூடவே அவர்களை அழைத்துவந்த பெரியவர்கள். என்னோடு அக்கா மகனும் மகளும், பெரியப்பாவும் வந்திருந்தார்கள்.

பல உலகங்களில் பல ஸ்பைடர்-மேன்கள் இருக்கிற கதை இது. கடைசிக் காட்சியில் நாயகன் மைல்ஸ் வேறொரு உலகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான். எதிரே நிற்பவனும் மைல்ஸ்தான், ஆனால் இந்த மைல்ஸ் இல்லை. இன்னொரு பக்கம் அவன் தோழி க்வென் ஆள் திரட்டிக்கொண்டு கிளம்புகிறாள். இசை ஏறி உச்சிக்குப் போகிறது. ‘தொடரும்’ என்று போட்டுவிட்டார்கள். ஒரு கணம் யாரும் அசையவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மா, “இன்னொரு இன்டர்வெல்லா?” என்று கேட்டார். அப்புறம்தான் பையன்கள் கத்த ஆரம்பித்தார்கள். பெயர் ஓடி முடியும்வரை ஒரு கூட்டம் எழுந்திருக்கவே இல்லை, மீதி எப்படியும் வரும் என்ற நம்பிக்கையில்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 140 நிமிஷம் உட்கார்ந்தவனுக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த பாகம் 2024 மார்ச்சில் என்றார்கள். 2023 ஜூலையில், ஹாலிவுட் வேலைநிறுத்தச் சமயத்தில், அந்தத் தேதியை எடுத்துவிட்டார்கள். இப்போது 2027 ஜூன் என்கிறார்கள். அன்றைக்கு ஒன்பதாம் வகுப்புக்குப் போகக் காத்திருந்த அக்கா மகன் அதற்குள் பிளஸ் டூவே முடித்திருப்பான். ஆனாலும் சீக்கிரம் எடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆயிரம் பேர் அளவில் உழைத்த படம் இது. திரும்பத் திரும்பத் திருத்தச் சொன்னதில் நொந்து நூறு பேர் வரை நடுவிலேயே விலகினார்கள் என்று படம் வந்த மாதமே செய்தி வந்தது. அவசரப்படுத்தினால் அந்தச் சுமை யார் தலையில் விழும் என்று தெரிந்த பிறகு, காத்திருப்பது எனக்குப் பெரிய கஷ்டமாகத் தோன்றவில்லை.

முடிவை மட்டும் வைத்து எங்கள் ஊர் ரசிகர்களைச் சொன்னால் அது பாதிதான். அன்றைக்கு விசில் பறந்தது மும்பாட்டனில். மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த அந்த நகரத்தில் இந்திய ஸ்பைடர்-மேன் பவித்ர் பிரபாகர் தாவிக்கொண்டு வரும்போது, முன்வரிசையில் பிள்ளைகள் எழுந்தே நின்றுவிட்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு. இந்தியிலும் பஞ்சாபியிலும் பவித்ருக்குக் குரல் கொடுத்தவர் கிரிக்கெட் வீரர் சுப்மன் கில். இரண்டு நாள் முன்னால்தான் ஐபிஎல் இறுதி ஆட்டத்தில், ஜடேஜா பந்தில் தோனி அவரை ஸ்டம்பிங் செய்து 39-ல் அனுப்பியிருந்தார். கோப்பை சென்னைக்கு வந்திருந்தது. தமிழில் கில் குரல் கிடையாது என்று தெரிந்தும், பவித்ர் வந்ததும் ஒரு பொடியன் “தோனி வர்றாரு, கிரீஸுக்குள்ள நில்லு!” என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது. அது கேலி இல்லை. சொந்தக்காரப் பையனைச் சீண்டுகிற மாதிரி உரிமை.

மும்பாட்டனை வரைந்தவர்கள் எழுபதுகளின் இந்திரஜால் காமிக்ஸ் பக்கங்களைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். இதைப் பிறகுதான் படித்தேன். பெரியப்பாவுக்குப் படிக்காமலே பிடிபட்டுவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் அச்சகத்தில் இருந்தவர். கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அடித்த கை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் பக்கம் சாய்ந்து, “ரிஜிஸ்டர் விலகியிருக்கு பாத்தியா, வேணும்னே விட்டிருக்கான்” என்றார். அச்சில் வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதைத்தான் ரிஜிஸ்டர் என்பார்கள். தூரத்தில் இருக்கும் பொருள்களை மங்கலாக்கிக் காட்டுவதற்குப் பதிலாக, ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம் சரியாக உட்காராமல் சற்றுத் தள்ளி விழுந்த மாதிரி காட்டுகிறார்கள். நிழலுக்குப் புள்ளி புள்ளியாக அச்சுப் புள்ளிகள். அவர் காலத்தில் இப்படி அச்சானால் கட்டோடு திரும்பி வந்துவிடும், காகிதக் காசும் போய்விடும். அந்தப் பிழையையே அழகாக எடுத்து உலகம் முழுக்க ஓட்டுகிறார்கள் என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். இடைவேளையில் முத்து காமிக்ஸ் பற்றிப் பேச்செடுத்தவர் நிறுத்தவே இல்லை. அனிமேஷன் என்றால் குழந்தைகளுக்கு என்று யாராவது சொன்னால், நான் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

உண்மையான சண்டை டவுன் பஸ்ஸில் ஆரம்பித்தது. படம் பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். ஸ்பைடர்-மேன் எந்த உலகத்தில் இருந்தாலும் சில சாவுகள் நடந்தே தீர வேண்டும், அதுதான் ‘கேனன் ஈவன்ட்’, தடுத்தால் அந்த உலகமே சிதைந்துபோகும் என்கிறான் ஸ்பைடர்-மேன்களுக்குத் தலைவனாக இருக்கும் மிகேல் ஓஹாரா. இது காமிக்ஸிலிருந்தே எடுத்தது. 1962-ல் பீட்டரின் பெரியப்பா பென் செத்தார். 1970-ல் போலீஸ் கேப்டன் ஸ்டேசி, இடிந்து விழுந்ததிலிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றப்போய்ச் செத்தார். அறுபது வருஷமாகக் கதாசிரியர்கள் திரும்பத் திரும்ப எழுதிவந்த சாவுகளை இந்தப் படம் ஒரு சட்டமாக்கி, அதை மீற ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. மைல்ஸின் அப்பா கேப்டனாகப் போகிறார். விட்டால் அவரும் சாவார்.

“மிகேல் சொல்றது சரிதானே மாமா? ஒருத்தருக்காக ஊரே அழியணுமா?” என்றாள் அக்கா மகள்.

“நம்ம அப்பான்னா விட்டுருவியாடி?” என்றான் தம்பி.

அவர்கள் அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். அதற்கு மேல் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் கட்சியும் மாறவில்லை. பெரியப்பா அவள் பக்கம். நடக்க வேண்டியது நடந்துதான் தீரும், அதைத் தெரிந்துகொண்டு நிற்பதற்குத்தான் தைரியம் வேண்டும் என்றார். நாங்கள் வளர்ந்த சூழல் அப்படி. மே மாதம் நரசிம்ம ஜெயந்திக்கு மெலட்டூரில் பாகவத மேளா நாட்டிய நாடகம் நடக்கும். பிரகலாத சரித்திரத்தில் தூண் பிளக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்போம். முடிவு தெரிந்த கதையை மரியாதையோடு பார்க்கப் பழகியவர்களுக்கு மிகேல் வில்லனாகத் தெரிய மாட்டான். கடமையைச் செய்கிற ஆளாகத்தான் தெரிவான்.

நான் தம்பி பக்கம். பிள்ளைப் பாசம் என்பதற்காக இல்லை, படத்திலேயே ஆதாரம் இருக்கிறது. மிகேல் காட்டுகிற சாட்சிகளை எடுத்துப் பாருங்கள். மும்பாட்டனில், கணக்குப்படி சாக வேண்டிய இன்ஸ்பெக்டர் சிங்கை மைல்ஸ் காப்பாற்றியதும் தரையில் ஓட்டை விழுகிறது. அதனால்தான் விழுந்தது என்கிறான். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால் அதே இடத்தில் வில்லன் ஸ்பாட் ஒரு ராட்சத எந்திரத்தை முடுக்கியிருக்கிறான். எது காரணம் என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்? அடுத்தது க்வென் அப்பா. அவரும் கேப்டன், கணக்குப்படி சாக வேண்டியவர். வேலையை விட்டுவிடுகிறார், அவ்வளவுதான். அவர்கள் உலகம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த உலகத்தில் சுவரெல்லாம் நீர்வண்ணம் மாதிரி வழியும். மனநிலைக்கேற்ப நிறம் மாறும். அப்பாவும் மகளும் கட்டிக்கொள்ளும்போது அந்தச் சாம்பல் நீலம் வெளுத்து வெளிச்சமாகிறது. வசனத்தில் சொல்லாத பதிலை அங்கே வண்ணத்தில் சொல்லிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். மிகேலுக்கு நடந்தது பெரிய துயரம். இன்னொரு உலகத்தில், செத்துப்போன தன் நகலின் இடத்தில் போய் அப்பாவாக வாழ்ந்தான்; அந்த உலகம் மகளோடு சேர்ந்து அவன் கண்முன்னால் அழிந்தது. அந்தத் துயரத்தை அப்படியே எல்லோருக்குமான விதியாக எழுதிவிட்டான்.

அதனால்தான், படம் வந்த பிறகு பரவிய மீம்கள் எனக்கு வருத்தம் தந்தன. காதல் தோல்வி, அரியர், மொட்டை வெயிலில் பஸ்ஸைத் தவறவிட்டது, எது நடந்தாலும் ‘தலையிடாதே, கேனன் ஈவன்ட்’ என்று போட்டார்கள். நம் பையன்கள் தமிழிலும் போட்டார்கள். தன் அப்பாவுக்காக நூற்றுக்கணக்கான ஸ்பைடர்-மேன்களை எதிர்த்து ஓடிய ஒரு பையனின் படத்திலிருந்து, அவனைத் துரத்தியவனின் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

முடிவில் ஏமாந்தோம் என்கிறவர்கள் இன்னொரு முறை பார்க்கலாம். 2018-இல் வந்த முதல் படத்தில் மைல்ஸைக் கடித்த சிலந்தியின் மேலேயே 42 என்று இருக்கும். கடைசியில் அவன் போய் விழுவதும் 42-ஆம் உலகத்தில்தான். அங்கே அம்மாவிடம் நான்தான் ஸ்பைடர்-மேன் என்று சொல்லும்போது, அது யார் என்று கேட்பாள். அவனைக் கடித்த சிலந்தி அந்த உலகத்தில் ஒருவனைக் கடித்திருக்க வேண்டியது. முடிவு திடீரென்று வெட்டியது இல்லை, ஐந்து வருஷம் முன்னாலேயே போட்ட முடிச்சு.

மூன்றாம் பாகத்தில் மைல்ஸ் அப்பாவைக் காப்பாற்றிவிடுவான் என்றுதான் நினைக்கிறேன். நான் பார்க்கக் காத்திருப்பது அதற்கு அடுத்த நிமிஷத்தை. உலகம் உடையாமல் அப்படியே நின்றால், மிகேலின் பேச்சைக் கேட்டுத் தங்கள் கேப்டனைச் சாகவிட்ட அத்தனை ஸ்பைடர்-மேன்களும் அவனிடம் என்ன கேட்பார்கள்?