பல கோர், பலவகைச் சிப்: ஆராய்ச்சி இயங்குதளங்கள் பற்றிய கேள்வி பதில்

லினக்ஸ்தான் நூற்றுக்கணக்கான கோர்களில் (சிப்பில் உள்ள தனித்தனிக் கணிப்பு அலகுகள்) ஓடுகிறதே, புதிய ஓஎஸ் (இயங்குதளம்) எதற்கு?

நியாயமான கேள்வி. 2010-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 48 கோர் மெஷினில் லினக்ஸைச் சோதித்தார்கள். கர்னலிலும் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) அப்ளிகேஷன்களிலும் ஓரளவு திருத்தம் செய்தாலே போதும், அத்தனை கோர் வரைக்கும் பழைய அமைப்பைக் கைவிட வேண்டியதில்லை என்று முடித்தார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் கோர் எண்ணிக்கை பாதிச் சிக்கல்தான். இன்றைய மெஷினில் ஜிபியு இருக்கிறது, நெட்வொர்க் கார்டுக்குள் ஆர்ம் கோர்கள் இருக்கலாம், எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப்) இருக்கலாம். லினக்ஸுக்கு இவையெல்லாம் வெறும் டிவைஸ்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்பது பெரும்பாலும் அதன் பார்வைக்கு வெளியே. புதிய ஓஎஸ் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மல்ட்டிகர்னல் என்கிறார்களே, அது என்ன?

ஒரு கம்ப்யூட்டரையே சின்ன நெட்வொர்க்காகப் பார்ப்பது. ஈ.டி.ஹெச். சூரிச்சும் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சும் சேர்ந்து செய்த பேரல்ஃபிஷ் 2009-ல் இந்த வடிவத்தை முன்வைத்தது. ஒவ்வொரு கோருக்கும் தனிக் கர்னல். மெசேஜ் போகும் இடத்தைத் தவிர அவை எதையும் பகிர்ந்துகொள்வதில்லை, மெசேஜ் மூலம்தான் பேசிக்கொள்ளும். எல்லோருக்கும் தெரிய வேண்டிய தகவலுக்கு ஒவ்வொரு கோரிலும் ஒரு நகல் இருக்கும்.

சார், பகிர்ந்த மெமரியைவிட மெசேஜ் மெதுவாக இருக்காதா?

எல்லோருக்கும் முதலில் வருகிற சந்தேகம் இது. லாக் (ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் தொட விடும் பூட்டு) வைத்து ஒரே தகவலைப் பல கோர்கள் மாற்றும்போது என்ன நடக்கிறது? அந்தத் தகவல் இருக்கும் கேஷ் லைன் (கேஷ் என்ற வேகமான மெமரியில் ஒரு துண்டு) ஒவ்வொரு கோராகக் கைமாறுகிறது. தன் முறை வரும்வரை மற்றவை சும்மா நிற்கின்றன. கோர் கூடக் கூட வரிசை நீள்கிறது.

பேரல்ஃபிஷ் மெசேஜும் அதே கேஷ் லைன்தான், பயன்படுத்தும் விதம்தான் வேறு. அனுப்புகிற கோர் 64 பைட் லைனை நிரப்பி, அதன் கடைசி வேர்டை (சில பைட் கொண்ட துண்டு) கடைசியாக எழுதுகிறது. வாங்குகிற கோர் அந்த வேர்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. மாறாதவரை அது தன் கேஷிலேயே இருப்பதால் மற்ற கோர்களுக்குத் தொல்லை இல்லை. எழுதிய கோர் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வேலைக்குப் போகலாம். இழப்பும் உண்டு: செய்தியே வராவிட்டால் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தூங்கப் போக வேண்டும், அப்புறம் எழுப்ப இன்டரப்ட் (கோரின் கவனத்தைத் திருப்பும் சிக்னல்) தேவை. இரண்டு மூன்று கோர் என்றால் லாக்கே போதும்.

கர்னலை மாற்றினால் போதுமா, ஏபிஐயையும் (ப்ரோக்ராம்கள் ஓஎஸ்ஸிடம் வேலை கேட்கும் முறை) மாற்ற வேண்டுமா?

ஏபிஐயும்தான். ஒரே ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்) இரண்டு த்ரெட்கள் (அதற்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்) வெவ்வேறு ஃபைலைத் திறக்கின்றன என்று வையுங்கள். அவற்றுக்குள் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் திறந்த ஃபைலுக்கு ஓஎஸ் தரும் எண், காலியாக இருப்பதில் மிகச் சிறியதாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது பாசிக்ஸ் (யுனிக்ஸ் வகை ஓஎஸ்களுக்கான பொது விதிமுறை). யார் முதலில் வந்தார் என்று பார்த்தே ஆக வேண்டும். ஏதோ ஒரு காலி எண் போதும் என்று விதி இருந்தால் இந்த மோதலே தேவையில்லை.

வெவ்வேறு இன்ஸ்ட்ரக்ஷன் செட் (சிப்புக்குப் புரியும் கட்டளைத் தொகுப்பு) உள்ள கோர்களுக்கு நடுவே ப்ரோக்ராமை நகர்த்த முடியுமா?

முடியும், கஷ்டம். பாப்கார்ன் லினக்ஸ் என்ற ஆராய்ச்சித் திட்டம் எக்ஸ்86, ஆர்ம் என்ற இரண்டு வகைச் சிப்களுக்கு நடுவே த்ரெட்டை நகர்த்திக் காட்டியது. நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. கம்பைலர் குறித்துவைத்த புள்ளிகளில் மட்டும் நிறுத்தி, ஸ்டாக்கை (த்ரெட் தன் இடைக்கால விவரங்களை வைக்கும் மெமரி) மறுபக்கத்து வடிவத்துக்கு மாற்றி எழுத வேண்டும்.

நான் மாணவன். எங்கே தொடங்குவது?

எக்ஸ்வி6-ஐ (பாடத்துக்கென எழுதிய சிறிய ஓஎஸ்) க்யூஇஎம்யு-வில் (மெஷினைப் போலவே நடிக்கும் ப்ரோக்ராம்) ஓட்டுங்கள். எக்ஸ்வி6-ன் மெமரி அலொகேட்டரில் (மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) எல்லா கோருக்கும் ஒரே காலிப் பக்கப் பட்டியல், ஒரே லாக். அதைக் கோருக்கு ஒன்றாகப் பிரியுங்கள். ஒரு பட்டியல் தீர்ந்தால் அடுத்த கோரிடமிருந்து எடுக்க வேண்டும். இரண்டு கோர்கள் ஒரே சமயத்தில் ஒன்றிடம் ஒன்று கேட்டால் டெட்லாக் (இரண்டும் ஒன்றுக்கு ஒன்று காத்து நின்றுவிடுவது) வரலாம். லாக்கால் ஒருமுறை சரிசெய்யுங்கள், அப்புறம் அதையே மெசேஜ் வைத்து எழுதிப் பாருங்கள்.