மாங்கன்றுக்கு உயிர் உரத்தையும் யூரியாவையும் சேர்த்தே போட்டுவிடலாமா?

மா, கொய்யா வைத்து ஒரு வருடம் ஆகிறது, அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரத்தையும் யூரியாவையும் ஒன்றாகப் பிசறிப் போட்டால் ஒரே வேலையாக முடியுமே என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை முடியும், உயிர் உரம் வாங்கின காசும் சேர்ந்து முடியும். நான் அதைச் செய்து பார்த்தவன்.

அழகர்கோவில் பக்கம் செம்மண் காட்டில் நாற்பது மாங்கன்று. ஆள் கிடைத்த ஒரே நாளில் எல்லாவற்றையும் கலந்து தூரை ஒட்டிக் கொட்டித் தண்ணீர் விட்டோம். பத்து நாளில் இலை நுனியெல்லாம் கருகல், மூன்று கன்று போயே போய்விட்டது. சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "தூர்லயா போட்ட? சாப்புடுற வேரு அங்கிட்டுல்ல இருக்கு" என்று இலை நிழல் விழும் ஓரத்தைக் காட்டினார்.

பாக்கெட்டில் இருப்பது உயிருள்ள நுண்ணுயிர், உரத்தின் உப்பு நேராகப் பட்டால் செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவே 15 முதல் 20 நாள் விடுங்கள், கொய்யாவுக்கும் அப்படித்தான். நான் இப்போது அசோஸ்பைரில்லம், மண்ணின் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா இரண்டையும் மக்கின எருவில் பிசறி, ஈரச்சாக்கு போட்டு நிழலில் ஒரு வாரம் வைத்திருந்து, புரட்டாசி மழையில் மண் நனைந்ததும் இலை நிழல் விழும் ஓரத்தில் வட்டமாகப் பறித்துப் போட்டு மூடிவிடுகிறேன். எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும், பச்சைச் சாணம் போட்டால் நம் செம்மண்ணில் கரையானுக்கு விருந்துதான்.

அளவில்தான் பலர் ஏமாறுவது. ஒரு வயது மாவுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது எரு 10 கிலோ, தழைச்சத்து 200 கிராம், மணிச்சத்து 200, சாம்பல் சத்து 300. இது சத்தின் கணக்கு, உரத்தின் எடை இல்லை. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து என்பதால் 435 கிராம் யூரியா வேண்டும், மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட் ஒன்றேகால் கிலோ, சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் அரைக் கிலோ. யூரியாவை மட்டும் இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அதுவும் ஈரம் இருக்கும்போது.

அப்புறம், உங்கள் நிலம் திருமங்கலம் பக்கத்துக் கரிசல் என்றால் ஒன்று கவனியுங்கள். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை, அதற்கு யூரியாவை அள்ளிக் கொட்டிப் பயனில்லை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துச் சாயங்காலமாகத் தெளியுங்கள்.